சாப்பாட்டு வண்டி எங்கே நிற்கும்?

போர்களைப் பற்றிப் புத்தகம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். நாலாவது புத்தகத்துக்குள் தானே ஒரு தளபதி என்று நினைக்க ஆரம்பித்துவிடுவான். எனக்கு இரண்டாவது புத்தகத்திலேயே முற்றிவிட்டது. பகலெல்லாம் மைசூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஃபைல் தள்ளுவேன். வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய் ஜாடியையும் உப்புக் கிண்ணத்தையும் நகர்த்தி, உலகத்தில் நடந்த பெரிய சண்டைகளையெல்லாம் திருத்தி நடத்துவேன். தோற்றுப்போன ராஜாக்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பல தேசங்களின் எல்லையே வேறு மாதிரி இருந்திருக்கும். (ரசம் ஆறுகிறது என்று அம்மா கத்துவாள். தளபதிகளுக்கு அது காதில் விழாது.)

இந்தத் தளபதி வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நிஜ மனிதர்களை வைத்துப் படை நடத்தினான். அதையும் தன்னுடைய நிச்சயதார்த்தத்தன்று நடத்தினான். இப்போது நினைத்தாலும் அவனை இழுத்து வைத்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

அதற்கு முன் மூன்று வரன்கள் வந்து கலைந்திருந்தன. மூன்றுக்கும் காரணம் என் வாய்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி வருவதற்குள் பீரங்கி வந்துவிடும். நாலாவதாக வந்தவள்தான் வனிதா. ஹனூர் பக்கத்துப் பெண், கொள்ளேகாலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பேசியதை முழுசாகக் கேட்டுவிட்டு, “சரி, அப்புறம் யாரு ஜெயிச்சாங்க?” என்று கேட்ட ஒரே பெண். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போனது. இது கைநழுவினால் இனி நமக்கு ஊறுகாய் ஜாடிதான் துணை என்று தெரிந்தும் இருந்தது.

பிள்ளைக்குப் பெண் அமைந்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே தட்டு மாற்றுகிறேன் என்று அம்மா ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனி மாதக் கடைசி வியாழக்கிழமை. பன்னிரண்டரைக்கு மேல் நல்ல நேரம், ஒன்றரைக்கு ராகுகாலம், அது முடிந்ததும் நவமி, அதற்குப் பின்னாலேயே ஆடி. அதாவது ஒன்றரைக்குள் தட்டு மாற்றாவிட்டால் ஆவணி வரை பேச்சே கிடையாது. அதற்குள் யார் மனசு எப்படி மாறுமோ? அம்மா இதை என்னிடம் ஐந்து முறை சொன்னாள். ஆறாவது முறை, “நீ மட்டும் சும்மனே இருந்தா போதும், மிச்சத்தை ரங்கநாதர் பாத்துப்பார்” என்றாள்.

சும்மா இருந்திருப்பேன். ஆனால் பெண்ணின் அப்பா மிலிட்டரிக்காரர் என்று தரகர் சொல்லித் தொலைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், வடக்கே எல்லையெல்லாம் பார்த்தவர். கடைசியில் நம் பாஷை தெரிந்த ஒரு மனிதர் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தரிசனம் பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. எல்லோரும் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம் என்றாள் அம்மா. நானோ எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய், கோட்டைச் சுவரை அந்தக் காலத்தில் பீரங்கி உடைத்த மேற்கு மூலையில், ஆற்றைப் பார்க்க நிறுத்தினேன். பட்டுப்புடவையோடு என் அம்மா, வனிதா, அவள் அம்மா. வெள்ளை வேட்டியில் அவள் அப்பா. அப்பா ஸ்தானத்தில் என் சித்தப்பா. (அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர், தம்பியையும் அதிலேயே சேர்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.) முக்கால் மணி நேரம் பேசினேன். வெள்ளைக்காரப் படை பட்டப்பகலில் ஒரு மணிக்கு, முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்த கதையைச் சொன்னேன். எதிரே காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இதில் எப்படி இறங்கினார்கள் என்று மாமியார் கேட்டதற்கு, அது மே மாதம் என்று எரிச்சலோடு பதில் சொன்னேன். கோட்டைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் நேரம் பார்த்துத்தான் தாக்கினார்கள், சுல்தானே சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓட வேண்டியதாயிற்று என்று விளக்கினேன். எங்கள் சாப்பாட்டு நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

மாமனார் எல்லாவற்றையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“அந்தப் பட்டாளத்துக்கு அரிசி எத்தனை நாளைக்கு இருந்துச்சுங்க மாப்ள?”

இது என்ன கேள்வி? தேசத்தின் தலையெழுத்தை மாற்றிய சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், இவர் அரிசி கேட்கிறார். அதெல்லாம் முக்கியமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுவர் மேல் ஏறிய படை இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடக்கு மதில் வழியாகவும் இன்னொன்று தெற்கு மதில் வழியாகவும் போய், கிழக்கே சந்தித்தது. அதையும் காட்ட வேண்டாமா? நாமும் அப்படியே போகலாம், அரை மணியில் கிழக்கு வாசல், அங்கே நல்ல மர நிழலில் தட்டு மாற்றலாம் என்றேன். வடக்கு அணிக்கு மாமனார் தலைமை, பெண்கள் எல்லோரும் அவரோடு. தெற்கு அணிக்கு நான், என் கீழே சித்தப்பா. கோவிலுக்குள் போகும்போது எல்லோரும் போனை ஒரு பையில் போட்டு, பெண் வீட்டார் ஹனூரிலிருந்து வந்த வேனில் வைத்திருந்தோம். அது அங்கேயே இருக்கட்டும், அந்தக் காலத்தில் ஏது போன் என்று சிரித்தேன். தட்டு, பழம், தேங்காய், புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் அதே வேனில்தான். டிரைவரைக் கூப்பிட்டு, கிழக்கு வாசலில் போய் நில்லு என்று உத்தரவு போட்டேன். கிழக்கு எது என்று அந்த ஹனூர் டிரைவருக்குத் தெரியுமா என்று யோசிக்கவில்லை.

மாமனார் மட்டும் நகராமல் நின்றார். “சாப்பாட்டு வண்டி எங்க நிக்குமுங்க? வாசல்னா எந்த எடத்துலைங்க?”

எத்தனை தடவை சாப்பாடு! கிழக்கு வாசல், கிழக்கு வாசல் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

தெற்கு மதில் என்பது புத்தகத்தில் ஒரு கோடு. நேரில் அது முள், சரளைக்கல், இடிந்த பள்ளம், அப்புறம் மறுபடி முள். கால் மணியில் என் பட்டு வேட்டி ஒரு புதரிடம் சிக்கி, பாதிதான் திரும்பி வந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்கத் தகுந்த பொருள் இல்லை என்று குனிந்துகொண்டது. எப்படியோ தண்டவாளம் வரை வந்தால், குறுக்கே ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் முனை தெரியவில்லை.

புத்தகத்தில் கூட்ஸ் வண்டி கிடையாது. அடியில் நுழைந்து போய்விடலாம் என்றேன். முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்த சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் எங்கள் பரம்பரை முழுசும் தலைகுனிந்தது. அவர் ஒரு கல்லைத் துடைத்து உட்கார்ந்துகொண்டார்.

“சிக்னல் இல்லப்பா. எதிர் வண்டி கிராசிங் இருக்கும். அர்த்த கண்டே ஆகும், நிதானமா உக்காரு.”

கன்னடத்தில் அரை மணியை அவ்வளவு சாவகாசமாகச் சொல்ல அவரால்தான் முடியும். ஒன்று ஐந்து. ஒன்று பதினைந்து. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வனிதா அங்கே வெயிலில் நின்றுகொண்டிருப்பாள். இவனை நம்பி எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். ஆவணி வரை அவர்கள் யோசிப்பார்கள். யோசித்தால் நான் அவ்வளவுதான். அந்தத் தண்டவாளத்து ஓரத்தில் எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. சித்தப்பா தண்ணீர் கேட்டார். தண்ணீரும் வேனில்தான் இருந்தது.

வண்டி நகர்ந்தபோது மணி ஒன்று இருபத்தெட்டு. சித்தப்பாவை மெதுவாக வரச் சொல்லிவிட்டு ஓடினேன். கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் கிழக்கு வாசலை அடைந்தபோது ஒன்று நாற்பத்தைந்து. மர நிழலில் ஒரு காய்கறித் தள்ளுவண்டி. அதைச் சுற்றி என் அம்மா, மாமியார், மாமனார், வனிதா, எல்லோரும் உப்பு தடவிய வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள். வேனைக் காணோம். நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.

“எல்லாம் ஆயித்து” என்றாள் அம்மா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

நடந்தது இதுதான். மாமனார் மதில் மேல் ஏறி நூறடி பார்த்திருக்கிறார். பட்டுப்புடவை நடக்கிற பாதை இல்லை என்று உடனே சாலைக்கு இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, பதினைந்து நிமிடத்தில் கிழக்கு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். வேன் இல்லை. ஒரு மணி வரை அக்கம்பக்கம் தேடிவிட்டு, அதற்கு மேல் தேடுவதில் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்தார். பெட்டிக்கடையில் வெற்றிலை பாக்கு, தள்ளுவண்டியில் எலுமிச்சையும் வாழைப்பழமும் தேங்காயும். தட்டுக்கு எங்கே போவது? வனிதாதான் வண்டிக்கார அம்மாவிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லி, தராசைக் கழற்றித் தரச் சொல்லியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு தட்டு. அவள் அப்பாவும் என் அம்மாவும் ஒன்று இருபதுக்கு மாற்றிக்கொண்டார்கள். வண்டிக்கார அம்மா “ஒள்ளேதாகலி” என்று வாழ்த்தி, இரண்டு பேருக்கும் ஒரு பீர்க்கங்காய் கொடுத்தாராம்.

என்னை விட்டுவிட்டா என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, வெட்கம் கெட்டவன்.

“மாப்பிள்ளை இல்லாம நிச்சயம் பண்ணலாம். ராகுகாலத்துல பண்ண முடியாது” என்றாள் அம்மா.

வேன் மூன்று மணிக்குக் கிடைத்தது. டிரைவர் கோட்டை வாசல் எது என்று விசாரிக்க, ஊரார் வேறொரு பெரிய வாசலைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். தயிர்சாதம் புளித்துப் பொங்கியிருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடும்போதுதான் மாமனார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“நான் துப்பாக்கி தூக்குனது டிரெய்னிங்குல மட்டும்தானுங்க மாப்ள. இருவத்திரண்டு வருஷமும் ரேஷன் லாரி எங்க நிக்கோணும்னு சொல்றதுதானுங்க என்ற வேலை.”

பிற்பாடு ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைக்காரப் படைக்கு அரிசி தீரும் நிலையில் இருந்ததாம், அதனால்தான் அவ்வளவு அவசரமாகத் தாக்கினார்களாம். மூன்று தடவை படித்த பக்கம். இதை மாமனாரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. “இருக்குமுங்க” என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் நாங்கள் எங்கே கிளம்பினாலும், அது பக்கத்துத் தெரு கல்யாணமாக இருந்தாலும், செருப்பு மாட்டும்போதே வீட்டில் யாராவது ஒருவர் சாப்பாட்டு வண்டி எங்கே நிற்கும் என்று கேட்காமல் விடுவதில்லை.

அந்தத் தராசை மாமனார் கேட்டு வாங்கி வந்துவிட்டார். மைசூரில் தசரா வந்தால் வீட்டுக்கு வீடு பொம்மை வைப்பார்கள். எங்கள் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படி நடுவில் அந்தத் தராசுதான், ஒரு தட்டில் எலுமிச்சை, இன்னொன்றில் பீர்க்கங்காய். ஒவ்வொரு வருஷமும் பத்து நாளும், சுண்டல் வாங்க வருகிற அத்தனை பேருக்கும் அம்மா கதையை முதலிலிருந்து சொல்வாள். நான் உள்ளறையில் போர்ப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் வனிதா அதில் ஒரு புது ஏற்பாடு செய்தாள். தராசுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பொம்மை கூட்ஸ் வண்டி, அதற்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு மரச் சிப்பாய். இது யார் என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார்.

“அது மாப்பிள்ளைங்க. வந்துட்டே இருக்காரு” என்றாள் வனிதா.