தொங்குவது எத்தனை, மடிப்பது எத்தனை

"டேப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி ஃபிளோரா. தொய்வு விழுது."

"இதுக்கு மேல இறுக்கினா சுவரு கையோட வந்துடும்ங்க," என்றாள் ஃபிளோரா, கட்டில்மேல் நின்றபடி. "இதே சுவர இதோட நாலு தடவை அளந்தாச்சு. நேத்திக்கும் இன்னிக்கும் நடுவுல வளர்ந்தா போயிடும்?"

சகாயராஜ் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பத்தடி ஏழேகால் அங்குலம் என்று எழுதினார். இருபத்தொன்பது வருஷம் சர்வேயராக ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்று எட்டு மாதம்தான் ஆகிறது. கை இன்னும் ஓயவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து ஃபிளோராவுக்கு அந்த வீட்டு இரும்பு பீரோவில் ஒரே ஒரு தட்டுதான். மீதிச் சேலைகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன. பூசைக்குக் கிளம்பும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் குனிந்து, பெட்டியை இழுத்து, தும்மி, ஒரு சேலையை எடுப்பாள். ரிட்டயர்டு ஆனதும் சுவர் முழுக்க ஒரு கப்போர்டு செய்து தருவதாக சகாயராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு இப்போது கெடுவும் வந்துவிட்டது. மே மாதம் கல்யாணமான மகள் ஷீபா, மாப்பிள்ளையோடு தலை கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். அவர்கள் தங்கப்போவது இந்த அறையில்தான்.

ஆனால் அவசரப்பட்டு ஆளைக் கூப்பிட அவர் தயாராக இல்லை. முன்பு ஒரு கான்ட்ராக்டர் பிளான் எதுவும் இல்லாமல் சமையலறையில் அலமாரி அடித்துவிட்டுப் போனான். உப்பு எடுக்க ஃபிளோரா ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. அதனால் அந்த வீட்டுச் சாம்பாரில் உப்பு எப்போதும் ஒரு கல் குறைவு. இந்தத் தடவை பிளான் முதலில், கான்ட்ராக்டர் பிறகு.

வரைபடம் தயாரானது. மூலையில் வடக்கு காட்டும் அம்புக்குறி. கிழக்கே ஜன்னல், மேற்கே பாத்ரூம் சுவர் என்று நான்கு எல்லையும் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"கிராமக் கணக்குல ஏத்திடலாம் போலிருக்கு," என்றாள் ஃபிளோரா.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையைத் தாண்டி ஒரு சந்தில் தமிழரசன் என்பவனின் மரப் பட்டறை இருந்தது. வாசலில் மேசை போட்டு விஜயலட்சுமி என்ற பெண் போனும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிளைவுட் அறுக்கும் சத்தம். தமிழரசனுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் மரத்தூள், பேச்சில் அப்படி ஒரு பணிவு.

வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். கீழே இருந்த பெயரையும் கையெழுத்தையும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஐயா சர்வேயரா இருந்தீங்களா?"

"இருபத்தொம்பது வருஷம்."

"அதான் அளவு இவ்வளவு சுத்தமா இருக்கு." விஜயலட்சுமியிடம் கொடுத்து ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டான். "ஆனா பாருங்க ஐயா, உள்ள என்ன வைக்கப் போறீங்கன்னு தெரியாம நான் பலகைய அறுக்கக் கூடாதுங்களே. துணி லிஸ்ட் ஒண்ணு எழுதிட்டு வந்துடுங்க."

சகாயராஜுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஃபிளோராவிடம், "இவன்தான் ஆளு. பேப்பர் சரியா இல்லாம வேலையத் தொட மாட்டேங்குறான். நானே இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்," என்றார்.

அன்று மத்தியானமே பீரோவையும் நாலு டிரங்குப் பெட்டிகளையும் கட்டில்மேல் கவிழ்த்தார்கள். ஃபிளோராவுக்குத் தொண்ணூற்று நான்கு சேலை.

"தொண்ணூத்து நாலா?" என்றார் சகாயராஜ், பென்சிலைக் கீழே வைத்து.

"உங்க சட்டைய எண்ணுங்க முதல்ல."

எண்ணினார். முப்பத்தொரு சட்டை. அதில் இருபத்தாறு ஒரே சந்தன நிறம்.

"உங்களுக்கு ஒரே சட்டைதான்னுல்ல இவ்வளவு வருஷமா நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் ஃபிளோரா.

பூசைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு, வீட்டுக்கு என்று தலைப்புப் போட்டு ஆறு பக்கம் எழுதினார். கட்டில் துணிக்குள் காணாமல் போனதால் அன்று முதல் இருவரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள்.

தமிழரசன் ஆறு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தான். சாவுக்கான சேலைகளுக்கு வந்தபோது மரியாதையாகத் தலையைக்கூட அசைத்தான்.

"ரொம்ப நல்லாருக்குங்க ஐயா. ஆனா தொங்குறது எத்தனை, மடிக்கிறது எத்தனைன்னு பிரிக்கலையே. தொங்குறதோட நீளம் தெரிஞ்சாத்தானே கம்பி எந்த உயரத்துல வரும்னு சொல்ல முடியும்?"

நியாயமான கேள்விதான். சகாயராஜ் ஹாலில் ஜன்னல் கம்பிக்கும் வாசல் கிரில்லுக்கும் நடுவே நைலான் கயிறு இழுத்துக் கட்டி, சேலைகளைத் தொங்கவிட்டு, தரைக்கும் சேலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். ஐப்பசி மழை அடைத்துக்கொண்டு பெய்தது. வெளிச்சத்துக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

எதிர்வீட்டு சாவித்திரி குடையோடு எட்டிப் பார்த்தாள்.

"சேலை வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா அக்கா? ஒரு வார்த்தை சொல்லலையே."

ஃபிளோரா இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் சாவித்திரி தெருவுக்கே போன் போட்டுவிட்டாள். அரைமணி நேரத்தில் ஹாலில் ஒன்பது பெண்கள். ஒருத்தி மாம்பழ நிறப் பட்டைத் தோளில் போட்டுக் கண்ணாடி கேட்டாள். இன்னொருத்தி சகாயராஜின் கையிலிருந்த டேப்பைப் பார்த்து, "ஜாக்கெட்டுக்கும் அளவு நீங்களே எடுத்துடுவீங்களா சார்?" என்றாள். அவர் டேப்பை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

ஃபிளோரா அத்தனை பேருக்கும் காபி போட்டாள். ஒவ்வொரு சேலையாகக் காட்டி, எது யார் கல்யாணத்துக்கு எடுத்தது, எது மழையில் சாயம் போனது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவளுடைய சேலைகளை ஒருசேர யாரும் பார்த்ததில்லை, அவள் உட்பட. கடைசியில் கயிறுதான் அறுந்தது. மேலே விழுந்த சேலைகளிலிருந்து சாவித்திரியைத் தேடி எடுத்தார்கள்.

அடுத்த தடவை தமிழரசன் தொங்குகிற கணக்கை மெச்சிவிட்டு, "சுவரு சாயாம தூக்கா இருக்கான்னு தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தீங்களா ஐயா?" என்று கேட்டான்.

பார்க்கவில்லை. பீரோ மறைத்துக்கொண்டிருந்தது. பீரோவை ஹாலுக்கு நகர்த்துவது என்று முடிவானது. சகாயராஜ் அறைக்குள்ளிருந்து தள்ள, ஃபிளோரா வெளியிலிருந்து இழுக்க, பாதி வழியில் பீரோ வாசற்படியில் சாய்வாகச் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

"என்னங்க, வெளிய வாங்க."

"எப்படி வர்றது?"

ஃபிளோரா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உள்ளயே இருங்க. இட்லி ஊத்துறேன்," என்றாள்.

பீரோவின் தலைக்கு மேலிருந்த இடைவெளி வழியாக ஸ்டூலில் ஏறி நின்று தட்டை நீட்டினாள். சமையலறை அலமாரியால் அவளுக்கு ஸ்டூல் ஏறுவது பழக்கம்தான். சட்னியில் உப்பு குறைவு என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு கலந்தர் நிலைமையைப் பார்த்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "உள்ள எத்தனை மணி நேரமா இருக்கீங்க அண்ணே?"

"மூணு. ஆனா சுவர் அளவு எடுத்துட்டேன் தம்பி. கால் அங்குலம் சாய்வு."

கலந்தர் பீரோவின் இரண்டு கதவுகளையும் கழற்றி, ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்த்து ஹாலுக்குள் இறக்கினார். பிறகு அது ஹாலிலேயே நின்றுவிட்டது. கதவில்லாத பீரோவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

சாய்வு விவரம் எழுதிக் கொடுத்தபோது தமிழரசன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "பயன்படுத்துறவங்க எல்லாரும் ஒப்புக்கிட்டதா ஒரு கடுதாசி வேணுங்க. நாளைக்கு யாராவது வந்து எனக்குத் தட்டு பத்தலைன்னா, பதில் சொல்லப்போறது நான்தானே."

பெங்களூரிலிருந்த ஷீபாவை வீடியோ காலில் பிடித்தார்கள்.

"அப்பா, இது கப்போர்டா, பட்டாவா?" என்றாள் அவள்.

"கையெழுத்த மட்டும் போட்டு வாட்ஸப்புல அனுப்பும்மா."

"மாப்பிள்ளைக்கும் ஒரு தட்டு எழுதுங்க. இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாப்பிள்ளைக்கு ஒரு தட்டு ஒதுக்கியதும் பிளான் மாறியது. பிளான் மாறியதும் தொங்குகிற கணக்கு மாறியது. சகாயராஜ் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். வரைபடம், லிஸ்ட், சாய்வு விவரம், ஒப்புதல் எல்லாம் சேர்ந்து ஒரு ஃபைல் ஆகியிருந்தது. அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்.

"ஓனர் நாகூர்ல சைட் வேலைக்குப் போயிருக்காருங்க சார். செவ்வாய்க்கிழமை வாங்க," என்றாள் விஜயலட்சுமி.

"போன்ல சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"நேர்ல வந்தா நல்லதுன்னு ஓனர் சொல்லியிருக்காருங்க."

திரும்பி வரும்போது மழை வலுத்தது. மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றவருக்கு முதல் தடவையாகக் கண்ணில் நீர் முட்டியது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம்தான். மாப்பிள்ளை முதல் தடவையாக வீட்டுக்கு வந்து தங்கப்போகிறார், வீட்டில் கட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதைவிட, இத்தனை வருஷம் கழித்து ஃபிளோராவுக்கென்று ஒன்றே ஒன்று செய்யக் கிளம்பி, அவளிடமிருந்த ஒரு தட்டையும் பிடுங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

வீட்டில் ஃபிளோரா அவருக்குத் தலை துவட்ட ஒரு துண்டைத் தேடினாள். கிடைக்காமல் ஒரு பருத்திச் சேலையால் துவட்டிவிட்டாள்.

"விடுங்க. இந்த மழைக்காலம் நல்லாத்தான் இருக்கு. தெருவுல எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க. நேத்து சாவித்திரி ரெண்டு சேலைய இரவல் வாங்கிட்டுப் போனா. பூசைக்கு எதக் கட்டுறதுன்னு குனிஞ்சு தேட வேணாம், நின்ன இடத்துலேயே எல்லாம் தெரியுது."

"மாப்பிள்ளை வந்தா?"

"அவருக்கும் தெரியட்டும்."

அவள் சொன்னது ஆறுதலுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றார்.

தமிழரசன் உள்ளே அறுப்பு இயந்திரத்தின் முன்னால் இருந்தான். தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டான், வெளியே வரவில்லை. விஜயலட்சுமிதான் ஃபைலை வாங்கினாள். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. மேசை டிராயரைத் திறந்து, ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதில் என்னவோ ஒரு கோடு போட்டாள்.

சகாயராஜ் மேசைக்கு முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். குரல் அவருக்கே புதிதாக, இறங்கி வந்தது.

"அம்மா, நீங்க கேட்ட பேப்பர் எல்லாம் இதுல இருக்கு. இன்னும் ஏதாவது வேணும்னாலும் இப்பவே இங்கேயே உக்காந்து எழுதிக் குடுத்துடுறேன். வீட்டுல பொண்டாட்டிக்கு முகம் காட்ட முடியல. நானும் வயசானவன். ஒரு மனுஷன எத்தனை தடவைதாம்மா இப்படி அலைய விடுவீங்க?"

விஜயலட்சுமி நோட்டை மூடிவிட்டு மரியாதையாக எழுந்து நின்றாள்.

"ஆறு தடவைங்க சார், நீடாமங்கலத்துல எங்க ஓனரோட அப்பா நிலத்த அளக்கச் சொல்லி உங்ககிட்ட அத்தனை தடவைதான் நடந்தாராம், இன்னிக்கோட உங்களுக்கும் முடிஞ்சிருச்சு, நாளைக்குக் காலையில ஆள் வந்து மாட்டிடுவாங்க, பலகையெல்லாம் நீங்க முதல் நாள் குடுத்த அளவுக்கே அறுத்து வச்சாச்சு."