எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு தகரம்

தேயிலைத் தோட்ட நிர்வாகத்துக்கு வேகம் மிக அவசியம். ஆகவே நுவரெலியாவிலுள்ள ஒரு கம்பனியின் தலைமை அலுவலகம், தன் தோட்டங்கள் அனைத்தையும் வெளியார் எட்டிப்பார்க்க முடியாத தனி இணைய வலையொன்றில் பிணைத்தது. எங்கிருந்து செய்தி கிளம்பினாலும், எல்லாத் தோட்டங்களுக்கும் ஒவ்வொரு பிரதி பாய்ந்துவிடும்.

தொடக்கத்தில் சிறு கோளாறு. யாரோ போட்ட பொங்கல் வாழ்த்து, தோட்டம் தோட்டமாகச் சுற்றிச் சித்திரைப் புத்தாண்டு வரை வந்துகொண்டேயிருந்தது. வலையமைப்பு அதிகாரி துஷாந்த் ஆழ்ந்து ஆராய்ந்து சட்டம் போட்டார்: கிளம்பிய தோட்டத்துக்கு அந்தச் செய்தி திரும்பவே கூடாது. வாழ்த்து நின்றது. அவருக்குப் பதவி உயர்ந்தது.

அந்த வாரம்தான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் சண்முகவடிவின் கூரைத் தகரம் காற்றில் பறந்தது. அடைமழை, வீட்டில் கைக்குழந்தை. தோட்ட ஆபீஸ் வழியாக வலையில் ஒரு தகரம் கேட்டாள். தலைமை அலுவலகமும் தாமதமின்றி, அவளுடைய செய்தியின் அடியிலேயே "தகரம் ஒன்று வழங்குக" என்று எழுதி அனுப்பியது. ஆணை எல்லாத் தோட்டங்களுக்கும் பாய்ந்தது, கேட்ட தோட்டத்தைத் தவிர. கேட்டவள் யாரென்று தெரியாவிட்டாலும், ஒவ்வொரு தோட்டமும் ஆணையை மதித்து ஒரு தகரம் வழங்கியது.

பட்டிப்பொலத் தோட்டத்திலிருந்து நாத்தனார் ராசம்மா போன் பண்ணினாள். "அண்ணி, எங்க தோட்டத்துக்கு உங்க பேர்ல ஒரு தகரம் வந்துச்சு. சொந்தக்காரின்னு எங்கிட்ட குடுத்துட்டாங்க. கோழிக்கூட்டுக்குப் போட்டாச்சு. நல்லா இருப்பீங்க!"

சண்முகவடிவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறி, துஷாந்தின் மேசை முன் போய் நின்றாள்.

"சேர், எல்லாருக்கும் தகரம் வந்திருக்கு. எனக்கு வரலையே?"

"உங்களுக்கு வராதும்மா. கேட்டது நீங்கதானே?"

"நான் கேட்டதாலதானே குடுத்தீங்க?"

"அதனாலதான் மத்தவங்களுக்கு வந்துச்சு. சட்டம் சரியா வேலை செய்யுதுன்னு இப்பத்தான் எனக்கே நிச்சயமாச்சு. ரொம்ப நன்றி."

"அப்ப எம்புள்ள நனையணுமா சேர்?"

துஷாந்த் இளகிய மனசுக்காரர். வழி சொன்னார். "வேற தோட்டத்துல யாரையாச்சும் கேக்கச் சொல்லுங்க. கேட்டவங்களைத் தவிர எல்லாருக்கும் வரும். உங்களுக்கும் வரும்."

அங்கே நின்றபடியே ராசம்மாவை அழைத்தாள். "எனக்காக நீ ஒரு தகரம் கேளு தாயி."

"அதெப்படி அண்ணி? நாங்க கேட்டா எங்களுக்கு வராதே! ஊருக்கெல்லாம்ல போகும்? இந்தத் தடவையும் நீங்களே கேளுங்க. ஆட்டுக் கொட்டிலுக்கும் ஒண்ணு வேணும்."

வீடு திரும்பிய சண்முகவடிவு தொட்டிலுக்கு மேல் குடையைக் கட்டினாள். இனி எதையும் கேட்பதில்லை என்று முடிவும் கட்டினாள்.

இந்த ஞானம் எல்லாத் தோட்டங்களுக்கும் வலையின் உதவியில்லாமலே பரவியது. ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டம் கேட்கட்டும் என்று அவரவர் காத்திருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருட அறிக்கையில் துஷாந்த் பெருமையோடு எழுதினார்: "எமது தோட்டங்களில் இப்போது எவருக்கும் எந்தக் குறையுமில்லை."