இறகுப்பந்து ஆடிய பேய்

மற்ற பேய்களெல்லாம் பாழடைந்த வீட்டில் காலம் தள்ள, இந்தப் பேய்க்கு மட்டும் உள்ளரங்க மைதானம் பிடித்துப் போயிற்று. வழவழப்பான மரத்தரை, நல்ல வெளிச்சம். அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. வாரமெல்லாம் உட்கார்ந்தே இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்த வேகத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு பந்துக்குப் பாய்பவர்களைத் தேடிப் பிடித்து உதைத்தது. ஒரே வருடத்தில் மூன்று பேர். மூவரும் கொடுத்தது ஒரே வாக்குமூலம்: "பின்னால யாரோ உதைச்சாங்க. திரும்பிப் பாத்தா ஆளே இல்ல!"

ஆளே இல்லையென்றால் பேய்தானே? இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு!

பேய் வந்த பிறகு பேயோட்டி வராமல் இருப்பாரா? குதிகால் மகான் வந்தார். பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த அறையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். பக்கத்தில் நின்று மணியாட்டச் சொந்தத் தம்பி. வாசலில் செருப்புக் குவியல். சுளுக்கு, முட்டி வலி, கால் ஆணி என்று எல்லாக் காலும் அங்கேதான் நொண்டியது.

நான்காவதாக உதை வாங்கியவர் பேருந்து ஓட்டுநர். வலது குதிகாலுக்கு மேலே 'பட்' என்று சத்தம். அவரும் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஆள் தெரியவில்லை.

இரண்டு அமர்வில் வலி குறைந்தது. மகான் விரலை ஆட்டச் சொன்னார், விரல் ஆடியது. கூட்டம் கைதட்டியது. "முக்கால்வாசிப் பேய் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை மிச்சத்தையும் விரட்டறேன். திங்கக்கிழமை வண்டியை எடு" என்றார் மகான். பேயைப் பின்னக் கணக்கில் ஓட்டியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஓட்டுநருக்கு ஒரே ஒரு உறுத்தல். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கப் பார்த்தால் நிற்க வரவில்லை. படியேறும்போது பாதம் ஈரத்துணி மாதிரி மடங்கியது. மிச்சமிருக்கும் கால்வாசிப் பேயின் வேலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மனைவி தேறவில்லை. "பிரேக்கை அழுத்திடுவீங்களா?" என்று ஒரே கேள்வியைப் பத்து நாளாகக் கேட்டாள். கடைசியில் ஞாயிறன்று கறிக்கடை வைத்திருக்கும் அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

கறிக்கடைக்காரர் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "சாமி, பேய் எந்தக் கால்ல இருக்குன்னு பாத்த உடனே சொல்லிடுவீங்களாமே?"

"பத்தடி தூரத்துலயே வாடை வந்துடும்."

"அப்ப கொஞ்சம் வெளிய நில்லுங்க. மூணு பேரைப் படுக்க வச்சு போர்வையால மூடறேன். கால் மட்டும் தெரியும்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மகானால் மறுக்க முடியவில்லை. மூன்று நீள பெஞ்சுகளில் மைதானக் காவலாளி, மகானின் தம்பி, ஓட்டுநர் மூவரும் குப்புறப் படுத்தார்கள். எல்லார் காலிலும் வெள்ளைக் காலுறை. முனையைத் தாண்டிப் பாதங்கள் தொங்கின.

மகான் வந்து மூக்கை உறிஞ்சினார். முதல் பெஞ்சைத் தாண்டினார். நடு பெஞ்சில் கட்டைவிரல் மெல்ல ஆடியது. 'அண்ணே, நான்தான்' என்று தம்பி காட்டிய சைகை அது.

"இதோ! என்னைக் கண்டதும் எப்படித் துடிக்குது பாருங்க!" மகான் பிரம்பை ஓங்கி உள்ளங்காலில் ஒன்று வைத்தார்.

"ஐயோ அண்ணே! நான்தாண்ணே!"

போர்வை பறந்தது. கூட்டம் சிரித்ததில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"இப்ப என் முறை" என்றார் கறிக்கடைக்காரர். காவலாளியின் கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் கீழ்நோக்கி அசைந்தது. தம்பியின் பாதமும் அசைந்தது. ஓட்டுநரின் இடது பாதமும் அசைந்தது. வலது கெண்டைக்காலை அமுக்கினார். அசையவில்லை. இன்னொரு தரம், அழுத்தமாக. ம்ஹூம்.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

"மாப்ள, ஆட்டுக்கால்ல குதிநரம்பை அறுத்துட்டா குளம்பு இப்படித்தான் தொங்கும். ஆட்டை எந்தப் பேய் உதைச்சுது?"

"விரல் ஆடுதே மச்சான்!"

"அதை ஆட்டற நரம்பு வேற. பிரேக்கை மிதிக்கிறதுக்கு இதுதான் வேணும். இது அறுந்து கிடக்கு. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வண்டி போகும் வழியில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு இறக்கம். நாளைக் காலை எட்டரை மணிக்கு, ஐம்பது பேரோடு அதில் அவர் இறங்கியிருப்பார். மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"பேய்தான் நரம்பைக் கடிச்சிருக்கு..." என்று ஆரம்பித்தார் மகான். மனைவி அவர் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கினாள். "உங்களுக்கும் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. திரும்பிப் பாக்கறீங்களா?" மகான் திரும்பிப் பார்க்காமலே ஓடினார்.

மருத்துவரும் அதே கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். "இந்த நரம்பு அறுந்தா பின்னால யாரோ உதைச்ச மாதிரிதான் இருக்கும். பத்து நாள் என்ன பண்ணீங்க?" என்றார். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப் போட்டார். ஆறு மாதத்துக்குப் பேருந்துப் பக்கமே போகக்கூடாது என்றார். உதை வாங்கிய மற்ற மூவரும் இன்னும் நொண்டுகிறார்கள். அவர்கள் தாமதித்தது பத்து நாள் அல்ல, பல மாதம்.

உதைத்தது யார் என்று நால்வரும் திரும்பித்தான் பார்த்தார்கள். மகானின் காலில் விழ அவ்வளவு தாழ்வாகக் குனியத் தெரிந்த முதுகுகள், தங்கள் காலைப் பார்க்க அதில் பாதி குனிந்திருந்தால் போதாதா?