மிளகு அண்ணாச்சியின் தளபதி

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் மிளகு அண்ணாச்சியைப் போல என் ரத்தத்தைக் கொதிக்க வைத்த ஆள் வேறொருவர் கிடையாது. பாளையங்கோட்டை லாட்ஜில் எனக்கு அடுத்த அறை. உத்தியோகம் சர்வேயர். ஒரு வேலியை அளக்கப் போனால் மூன்று தடவை அளப்பார். சண்டைக்கு வந்த பங்காளிகள் அலுத்துப்போய்ச் சமாதானமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த மனிதர் பன்னிரண்டு வருடமாக ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருந்தார். பாண்டியர் காலம். ஊரையே இரண்டாக்கும் முன்கோபக்காரக் குதிரைப்படைத் தளபதி ஒருவன். வாய் திறக்கவே நாள் பார்க்கிற நில அளவைக்காரன் ஒருவன். இருவருக்கும் காதல். கதை அவ்வளவுதான். இதற்கு எழுநூறு பக்கம்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அந்தப் பாவத்துக்கு எழுநூறும் என் தலையில் விழுந்தது. போருக்கு முந்தின நாள் தளபதி பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடிக்கிறான்.

"வே, பறங்கிக்காரன் கப்பல் ஏறுததுக்கு முன்னாலயே உம்ம ஆளுக்கு மிளகாய் எங்கன கிடைச்சுது?" என்று கேட்டேன்.

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. மறுநாளிலிருந்து மிளகாயைத் தொடவில்லை; காரத்துக்கு மிளகுதான். தக்காளி போயிற்று, உருளைக்கிழங்கு போயிற்று. அந்தக் காலத்து ஆட்கள் தின்னாததை அவரும் தின்ன மாட்டாராம். மெஸ்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தக்காளி இல்லாம ரசம் வைக்கச் சொன்னா வச்சிருவேன். கூட்டு வைக்கும்போது, 'இந்தக் காய் எந்த ராசா காலத்துல வந்துச்சு'ன்னு கேக்காரே, நான் எங்கன போவேன்?"

அவள் வைத்த பெயர்தான் மிளகு அண்ணாச்சி.

இன்னொரு நாள் என்னைத் தாமிரபரணிக் கரைக்கு, குறுக்குத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊரைவிட்டுப் போகிற அளவைக்காரனைத் தளபதி இக்கரையில் நின்று கூப்பிடுகிறானாம். அக்கரைக்குக் கேட்குமா என்று தெரிய வேண்டுமாம். என்னைப் படித்துறையில் நிறுத்திவிட்டு, பாலத்தைச் சுற்றி அக்கரைக்குப் போய் நின்றார். நான் தொண்டை கிழிய, "போவாதேயும்" என்று கத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து ஆடி அசைந்து திரும்பி வந்தார்.

"கேட்டுச்சு. ஆனா கோவமாக் கேட்டுச்சு. இன்னொரு மட்டம், பைய, பிரியமாக் கூப்பிடும்."

அவர் திரும்பத் திரும்ப அக்கரைக்குப் போக, மூன்று மட்டம் கூப்பிட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தர் தாங்க முடியாமல் கேட்டார்.

"யாரைப் போவ வேண்டாம்ங்கியோ அண்ணாச்சி?"

"ஒரு கிறுக்கனை" என்றேன்.

ஒரு வழியாக நாவல் முடிந்தது. எனக்குத் தெரிந்த பதிப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாளில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வாயெல்லாம் பல்.

"கதை அமிர்தம். ஒண்ணே ஒண்ணு, அந்தத் தளபதியை இளவரசியா மாத்திரும். அடுத்த மாசமே அச்சுக்குப் போயிரலாம்."

அண்ணாச்சி வழக்கம்போல, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மடியில் இருந்த கையெழுத்துப் பிரதிக் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மாத்தினா புஸ்தகம் வந்திரும். பன்னிரண்டு வருசம் வே. நீரு என்ன சொல்லுதீரு?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என்னத்த மாத்துவீரு? அவன் சோத்தை அள்ளி முழுங்குதான். தோணிக்காரன்கிட்ட சண்டைக்குப் போறான். ராத்திரி காய்ச்சல்னா சின்னப் பிள்ள மாதிரி அழுதான். அம்புட்டும் நான்தானவே? என்னைப் பாத்துத்தானே எழுதினீரு?"

"பின்ன வேற யாரை?" என்றார். எல்லைக்கல்லைக் காட்டுகிற அதே குரல்.

டீ ஆறிப்போய்விட்டது. அதை ஒரே மடக்கில் குடித்தேன். அந்த நில அளவைக்காரன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

"மாத்தாதேயும்" என்றேன்.

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லாதது அன்றைக்கு ஒருநாள்தான். கட்டின் கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டு, "சரி, மாத்தலை" என்றார்.

நாவல் இன்னும் அச்சேறவில்லை. வேறு எந்தப் பதிப்பாளரும் வாங்கவில்லை. இப்போது பெருமாள்புரத்தில் இரண்டு பேருமாக ஒரு வீடு எடுத்திருக்கிறோம். எழுநூறு பக்கத்துக்கும் உலகத்தில் ஒரே வாசகன் நான்தான். நேற்று மூன்றாம் தடவையாகப் படித்து முடித்தேன். நடை இழுவை, போர்க்களம் படுமோசம். அந்த நில அளவைக்காரன் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதை மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டேன்.