பாதிக்கு மேல் சொந்தக் கை

நெவில் ஹாரிகன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பந்தல் நிழலில் முன்வரிசையிலேயே நின்றிருப்பார். மெரிகுண்டி விமானத் திருவிழாவில் அது கம்பெனி விமானங்களுக்கான இடம். தரையிறங்கியதும், கொடி பிடித்த பையன் அவரையும் அந்தக் கூட்டம் என்று நினைத்து அங்கேதான் நிறுத்தச் சொன்னான்.

"தம்பி, இது விலைக்கு வாங்கினது இல்ல. என் ஷெட்டுல நானே கட்டினது" என்றார் நெவில், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா? அப்ப கழிப்பறையைத் தாண்டி ஆட்டுப்பட்டி பக்கம் தள்ளிட்டுப் போங்கண்ணே. வீட்ல கட்டினதுக்கெல்லாம் அங்கதான் இடம்."

தள்ளினார்கள். ஒரு இறக்கையில் நெவில், மறு இறக்கையில் மனைவி ராஸ்லின். கொளுத்துகிற வெயில்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியே நீ" என்றாள் அவள்.

பதினோரு வருடம் மனுஷன் கல்யாணம், கிரிக்கெட் என்று எதற்கும் போகாமல் சனி ஞாயிறெல்லாம் ஷெட்டிலேயே கிடந்தது இந்த ஒரு நாளுக்குத்தான். சொந்தமாகக் கட்டியவர்களுக்கான கேடயத்தில் தன் பெயர் ஏற வேண்டும். 'பறக்கிற தகர டப்பா எப்படி இருக்கு?' என்று ஊர் மதுக்கடையில் கேட்டுச் சிரிக்கிறவர்கள் முன்னால் அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பாவம், வேறு ஆசையே கிடையாது அவருக்கு.

நடுவர் மெர்வ் டகன் வந்தார். விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது.

"யாரை வச்சுக் கட்டினே?"

"நானே கட்டினேன்யா!"

"பாதிக்கு மேல சொந்தக் கையால கட்டியிருக்கணும், அதான் விதி. வீட்ல கட்டினா ஒரு கோணல் மாணல் இருக்கும், நெவில். என்னோடதுல கதவே மூடாது. உன்னோடதுல மருந்துக்குக்கூட ஒரு தப்பு இல்லையே!"

நன்றாக இருப்பது ஒரு குற்றமா?

"கோணல் இருக்கு!" என்று கத்தினார் நெவில். "வாலுக்குள்ள, மூடியைக் கழட்டினா தெரியும். ஒரு வரிசை ரிவெட் ஆணி குடிகாரன் நடந்த மாதிரி போகும். வெட்கப்பட்டு மூடினவன், இன்னிக்கு வரைக்கும் திறக்கவே இல்ல."

"நெவ், விடு. வந்து சாண்ட்விச் சாப்பிடு" என்றாள் ராஸ்லின் அவசரமாக.

அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த பாதுகாப்பு அதிகாரி ஜூடித் சட்டென்று நின்றாள்.

"வாலுக்குள்ள கோணலா? சாவியைக் குடுங்க. இது இனிமே பறக்கக் கூடாது."

"ஐயோ, பார்க்கத்தாம்மா அசிங்கம், பலத்துக்குக் குறைவே இல்ல! வேணும்னா திறந்து பாருங்க!"

திறந்தார்கள். மெர்வ் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு."

நெவில் தானே தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வேறு யாருடைய விமானத்திலாவது தலையை விட்டுவிட்டோமோ என்று வெளியே வந்து விமானத்தின் பதிவு எண்ணைக்கூடச் சரிபார்த்தார். அவருடையதுதான்.

ஜூடித் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மெர்வ் போகவில்லை.

"கட்டினவனுக்குத் தன் விமானத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதா? உன்னைப் போட்டியிலேர்ந்து தூக்கியாச்சு. அடுத்த வருஷமும் இந்தப் பக்கம் வந்துடாதே."

நெவில் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பட்டியிலிருந்த ஆடுகள்கூட அவரையே பார்ப்பது போலிருந்தது. இத்தனை வயதுக்கு மேல் அழுகை வந்தது.

"பதினோரு வருஷமா அந்த ஷெட்டுல நான் என்னதான் பண்ணிக்கிட்டிருந்தேன், ராஸ்?"

ராஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து, சாண்ட்விச்சைப் பிரித்து அவர் கையில் வைத்தாள்.

"நீ கட்டுவே. நீ வேலைக்குப் போனதும் நான் அதைக் கழட்டிட்டு வேற கட்டுவேன். மனசு நோகுமேன்னுதான் சொல்லல. நீ கட்டின விமானத்துலதான் நம்ம கோழிங்க குடியிருக்கு, நெவ்."