சுரண்டிக் கல்லை மாடு உடைக்கவில்லை

ரோக்பெலான்,
புனிதர் திருநாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

வட்டாரத் தொல்பொருள் சங்கத் தலைவரும், அதன் ஆண்டு மலரின் ஆசிரியரும், எனக்கு மூத்தவராகப் பிறந்துவிட்டவருமான அண்ணன் அன்செல்ம் அவர்களுக்கு,

தங்கை கிஸ்லேன் எழுதுவது. இங்கே நான், என் கணவர் மார்சலின், பக்கத்துப் பண்ணை மாடு மூவரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும், பெரிகூ நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு நலமாகவே இருக்கிறீர்கள் என்பதைத் தங்கள் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

உடைந்த கல்லாயுதங்களைப் பற்றிய என் கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும், சனிக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசி அசிங்கப்படக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பப் பெற மாட்டேன். கடிதத்தை இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் மருந்துக் கடையில் காலமெல்லாம் மற்றவர்கள் கிறுக்கியதைப் படித்தே வாழ்ந்தவள் நான், இப்போது எனக்கும் கை துறுதுறுக்கிறது.

நம் ஊர் மியூசியத்தில் முழுசாக இருக்கும் கல்லெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும், உடைந்ததெல்லாம் கிடங்கில் வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குப் போகும். ஓய்வு பெற்றதிலிருந்து நான் அந்த அட்டைப்பெட்டிகளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். நம் ஊர்க் குகையில் வாழ்ந்த நியாண்டர்தால் ஆதிமனிதர்கள் தோல் சுரண்டப் பயன்படுத்திய சிக்கிமுக்கிக் கற்கள் அவை. இரண்டாக உடைந்த ஒன்றை எடுத்துப் பாருங்கள், தட்டையான பக்கத்தில் நட்டநடுவே பொட்டளவு ஒரு குழி இருக்கும். அங்கே யாரோ அடித்திருக்கிறார்கள். ஒன்றில் இருந்தால் தற்செயல், பெட்டி பெட்டியாக இருந்தால்? மழுங்கிப்போன கல்லை நடுவில் ஒரே போடு போட்டால் உடைந்த ஓரம் புதுசாகக் கிடைக்கிறது. தெரிந்தேதான் உடைத்திருக்கிறார்கள். நான் எழுதியது இவ்வளவுதான். அதற்குத் தாங்கள் போன மாதம் ஞாயிற்றுக்கிழமை விருந்தில், வாத்துக்கறியை வாயில் வைத்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா?

"குகைக்குள்ள கரடி வரும், காட்டெருமை வரும். மிதிச்சா கல்லு உடையாதா? பொருளைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாத பயலுக. அதுக்குப் போய் அறிவுன்னு பேர் வைக்கிற. நீ சின்ன வயசுல அம்மாவோட சூப்புக் கிண்ணத்தப் போட்டு உடைச்சியே, அந்த மாதிரிதான் இதுவும்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்சலினும் சிரித்தார், அன்று ராத்திரி அவருக்கு வெறும் பூண்டு சூப்தான் கிடைத்தது. அண்ணி மட்டும் அக்ரூட்டைச் சுத்தியால் தட்டிக்கொண்டே, "மிதிச்சாப் பருப்பு தூளாப் போகும், தட்டினாத்தான் ரெண்டா வரும். இதுகூடத் தெரியாம இவர் என்ன சங்கத் தலைவர்" என்றார். அண்ணியின் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

சரி, மிதித்தால் உடைகிறதா என்று பார்த்தே விடுவது என்று ஆற்றங்கரையில் கல் பொறுக்கி, தட்டித் தட்டி, பாதி விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நானே சுரண்டிகள் செய்து, பக்கத்துப் பண்ணை பார்த்தெலெமியின் மாட்டுத்தொழுவ வாசலில் பரப்பினேன். முன்னால் வந்த மிமோசா என்ற மாடு நின்றது, கல்லைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நகரவில்லை. அது நகராததால் பின்னால் வந்த எதுவும் நகரவில்லை, பால் வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை, பார்த்தெலெமி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"மத்த மாட்டுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. இவ செய்யிறது எல்லாம் வேணும்னே செய்யிறது. போன சந்தையில மேயர் காலத் தேடிப் புடிச்சு மிதிச்சவ இவ."

மறுநாள் கல்லின் மேல் வைக்கோல் போட்டு மூடினேன். மந்தை போய்விட்டது, ஆனால் ஒரு கல்லைக் காணோம். மிமோசா வாயை அசைத்துக்கொண்டு நின்றது. விழுங்கிவிட்டது என்று பார்த்தெலெமி கூச்சல் போட, கால்நடை மருத்துவர் வந்து பையிலிருந்து காந்தத்தை எடுத்து, உள்ளே போனது இரும்பு இல்லை கல் என்றதும் காந்தத்தைத் திரும்பப் பையில் போட்டு, "வந்தாப் பின்வழியாத்தான் வரணும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே அகழாய்வு மண் சலிக்கும் சங்கத்துச் சல்லடையை, தலைவர் அனுமதி இல்லாமல் எடுத்துவந்து, அந்த வாரம் முழுக்கச் சாணம் சலித்தேன். கழுவித்தான் திரும்ப வைத்திருக்கிறேன், இருந்தாலும் மூக்கருகே கொண்டுபோக வேண்டாம். கல் கடைசியில் கிடைத்தது, அன்று என்னோடு தொழுவத்துக்கு வந்திருந்த மார்சலினின் பூட்ஸ் அடியில், பள்ளத்தில் சிக்கிக்கொண்டு. மனிதர் நாள்கணக்காக நொண்டியதை மூட்டுவலி என்று நினைத்து நான் தைலம் வேறு தேய்த்துக்கொண்டிருந்தேன். மார்சலின் என்ன எடை என்பது உங்கள் தோட்டத்து நாற்காலிக்குத் தெரியும். அவர் மிதித்தும் அது உடையவில்லை. மந்தை மிதித்த மற்றவையும் ஓரத்தில் பொடிந்தனவே தவிர, ஒன்றுகூட இரண்டாகவில்லை.

அண்ணா, தலைவருக்குச் சொன்னது போதும், இனி உனக்குச் சொல்கிறேன். நோட்டரி வீட்டுப் பையனோடு நீ பேசி முடித்த என் கல்யாணம் "எப்படியோ முறிஞ்சுபோச்சு" என்று ஊரெல்லாம் சொன்னாய், இன்னும் சொல்கிறாய். எப்படியோ முறியவில்லை. யோசித்து, இடம் பார்த்து, ஒரே போடாக நான்தான் முறித்தேன். அந்த உடைந்த ஓரத்தை வைத்துக்கொண்டுதான் மார்சலினோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், இன்றைக்கும் கூராகத்தான் இருக்கிறது. யார் எதை உடைத்தாலும் உனக்கு அது கைதவறல்தான். அந்தக் குகை ஜனங்கள் எழுந்து வந்து உனக்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் அவர்களுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன். நீ சிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வலித்தது. சூப்புக் கிண்ணமும் கைதவறி விழவில்லை. அதில் இருந்தது எனக்குப் பிடிக்காத டர்னிப் கிழங்கு.

சனிக்கிழமை வருவேன். நீ அச்சில் போடாவிட்டால் வாய்விட்டுப் படிப்பேன், மைக்கைப் பிடுங்கினால் எனக்குத் தொண்டை இருக்கிறது. மாடு மிதித்துச் சுரண்டிக் கல் இரண்டாகாது. இதில் ஒரு எழுத்தும் மாறாது.

இத்துடன் ஒரு புட்டி அக்ரூட் எண்ணெய், அண்ணிக்கு. அண்ணியின் இரண்டு கன்னத்திலும் எனக்காக முத்தம் கொடு. உனக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும், உன் கருத்தை மாற்றிக்கொள்ள அது தேவைப்படும்.

வணங்காத தங்கை,
கிஸ்லேன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பார்த்தெலெமி கூப்பிட்டு அனுப்பினார். தொழுவத்துக் கல்படியில் ஒரு சுரண்டி விட்டுப்போயிருந்ததாம், மிமோசா அதை மிதித்துவிட்டதாம். போய்ப் பார்த்தேன். நட்டநடுவில் இரண்டாக உடைந்திருக்கிறது. பொட்டளவு குழியும் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் இருந்தது. மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, இரண்டு துண்டையும் எண்ணெய்ப் புட்டியோடு கட்டி அனுப்புகிறேன். ஆனால் பார்த்தெலெமி பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். அது நின்றதாம், கல்லைப் பார்த்ததாம், பிறகு காலைத் தூக்கி நடுவில் வைத்ததாம். கால்தவறல் இல்லை அண்ணா, அவளும் தெரிந்தேதான் உடைத்திருக்கிறாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இல்லை. எழுதியவர் பெயர் போடும் இடத்தில் மட்டும் என் பெயரோடு மிமோசாவையும் சேர்த்துவிடு.