வால்பாறையில் நான் கண்டுபிடித்த பரோட்டாக் கடை

நெடுஞ்சாலையோரம் வளர்ந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகம். விக்கிரவாண்டியில் எந்தக் கடைப் பரோட்டா மெத்தென்று இருக்கும், எங்கே நேற்றைய சால்னாவில் இன்று தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தூரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அங்கே சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்பது நான் பால்வாடி வயதிலேயே கற்ற பாடம். அந்தப் பாடம் பின்னாளில் என்னைக் காட்டு யானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

கல்யாணமான புதிது. என் மாமியார் திண்டிவனத்துப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். மலை என்று அவர் பார்த்ததெல்லாம் செஞ்சிப் பாறைகள்தான். (மகனுக்கு வாய்த்தவள் உருப்படியா இல்லையா என்று அவர் இன்னும் தீர்ப்புச் சொல்லாத காலம்.) வால்பாறைக்குக் கூட்டிப்போய் அசத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். "உங்களைப் பட்டினி போட மாட்டேன் அத்தே" என்று தெருவே கேட்கச் சத்தியம் செய்துதான் காரில் ஏற்றினேன்.

மலையேறும்போதே அசந்துபோனோம். செங்குத்துப் பாறையில் வரையாடுகள் சமதரையில் நிற்பதுபோல் நின்றன. கீழே ஒரு சுற்றுலாக் கூட்டம் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மாமியார் கார்க் கண்ணாடியை இறக்கினார். "யோவ், அதுங்க பாட்டுக்கு புல்லு மேஞ்சிக்கினு கீது. உன்னை யாருய்யா விருந்து வெக்கச் சொன்னது?"

சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது தேயிலைத் தோட்டங்களுக்குள் வழி தவறினோம். பனி இறங்கிவிட்டது. அவித்துக் கொண்டுவந்த மல்லாட்டையும் காலி. (முக்கால்வாசி தின்றது நான்.)

"பேஜாராக் கீதும்மா. கை ஆடுது" என்றார் மாமியார்.

என்னை நம்பி வந்த மனுஷிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அப்போதுதான் வளைவுக்கு அப்பால், கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கியது.

"கடை!" என்று கத்தினேன்.

"இந்தக் காட்டுல ஏது கடை?" என்றார் என் கணவர் செந்தில்.

"விக்கிரவாண்டிக்காரிக்கு நீங்க கடை காட்டுறீங்களா? நிறுத்துங்க."

இறங்கி நடந்தேன். பனிக்குள் கறுப்பாக ஒரு தார்ப்பாய்க் கொட்டகை தெரிந்தது. தெம்பு வந்து குரல் கொடுத்தேன். "அண்ணே, ஜல்தியா மூணு செட்டு பரோட்டா!"

கடை காதை ஆட்டியது.

அப்புறம் தும்பிக்கையைத் தூக்கி என் பக்கமாக மோப்பம் பிடித்தது. கைக்கெட்டும் தூரம் என்று எழுத ஆசைதான். நடுவில் ஓர் ஓடை இருந்தது. ஆனால் அந்த மூச்சுக் காற்று என் முகத்தில் பட்டதாக இன்றைக்கும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

எங்கள் காருக்குப் பின்னால் ஓர் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. டிரைவர் அடங்கிய குரலில் சொன்னார்: "அக்கா, ஓடாதீங்க. அப்படியே மெதுவா பின்னால வாங்க. யானை நின்னாத்தான் அந்த லைட்டையே போடுவோம். அதப் பார்த்தா எல்லாரும் திரும்பிப் போவாங்க. நீங்க என்னடான்னா கிட்டப் போறீங்க!"

எப்படிக் காருக்குள் வந்து விழுந்தேன் என்று தெரியாது. அம்மாவுக்குச் சர்க்கரை என்று செந்தில் சொன்னதும் டிரைவர் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். அதற்குள் பெரிய யானை ஓடையைத் தாண்டிச் சாலையில் ஏறியது. அதன் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. பின்னால் இன்னும் சில. அத்தனை பெரிய உடம்புகள் நடந்தும் சத்தமே இல்லை. எனக்குப் பயம் போய் அழுகை வந்துவிட்டது. மாமியார் பிஸ்கட்டையே மறந்துவிட்டார். வாயைப் பிளந்து பார்த்தவருக்கு நான்தான் ஒவ்வொன்றாக ஊட்டினேன். மறுப்பில்லாமல் மென்றார்.

கடைசி யானையும் ஓடையோரத்து மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் பேசினார்.

"மலை பூரா நாம டீ நட்டுக்கினோம். அதுங்களுக்குன்னு வுட்டது இந்த ஓடை ஓரம்தான். அதுலயும் நீ போய் பரோட்டா கேக்குறியேம்மா!"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

இன்றும் விக்கிரவாண்டியில் கடை விளக்கைப் பார்த்து செந்தில் வண்டியை ஓரம் கட்டினால், பின் சீட்டிலிருந்து மாமியாரின் உத்தரவு வரும்.

"அவளை எறக்காதடா. காது ஆடுதான்னு மொதல்ல பாரு."